சுண்ணாம்புப் பெட்டியில் வைத்த சுருட்டுக் கட்டு

அட்சய வருடத்து நாட்குறிப்பில் ஐப்பசி இருபதாம் தேதிக்கு நேரே நான் எழுதியிருப்பது இது: “வெள்ளிக்கிழமை. விடியற்காலை முதல் மழை. கட்டின் எடை நாலரை அவுன்ஸ். செவ்வாயன்று ஐந்துக்குச் சற்றுக் குறைவு. காரணம் தெரியவில்லை.”

கட்டு என்றால் சுருட்டுக் கட்டு. இருபத்தைந்து திருச்சிச் சுருட்டுகள். ஈரமணல் போட்ட பானைக்குள் வைத்து, காய்ந்து சருகாகிப்போன அவற்றுக்கு மறுபடி பதம் ஏற்றிக்கொண்டிருந்தேன். வெளியே மழை, பானைக்குள் ஈரம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சுருட்டு மட்டும் எப்படிக் காயும்? இந்தக் கேள்வியோடு மூன்று மாதம் இருந்தேன். விடை என் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அது கிடைத்த பிறகும் எனக்குத் தெளிவு வந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. தேதி வரிசையில் எழுதிப் பார்க்கிறேன்.

அப்போது நான் பினாங்குத் துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்குக் கிடங்கில் கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா. ஒரு தையற்கடைக்கு மேல் மாடியில் நானும் மனைவியும் குடியிருந்தோம்; இன்றும் அங்கேதான். எனக்குப் புகைக்கும் பழக்கம் இல்லை. இருந்த ஒரே பழக்கம் எழுதி வைப்பது. எந்தத் தேதியில் மழை தொடங்கியது, எந்தக் கப்பல் எத்தனை மணி தாமதம், பால்காரர் எந்த நாளில் வரவில்லை என்பதெல்லாம் என் குறிப்பில் இருக்கும். பழைய நாட்குறிப்புகளையும் வெட்டி வைத்த பத்திரிகைத் துண்டுகளையும் ஒரு தகரப்பெட்டியில் போட்டிருந்தேன். இந்த ஊர்க் காற்றில் காகிதம் தங்காது. பெட்டிக்குள் நீற்றாத சுண்ணாம்புக் கட்டிகளைத் துணியில் முடிந்து போட்டு வைத்தால் அது ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும் என்று ஓர் ஆங்கிலப் புத்தகத்தில் படித்தேன். அன்றிலிருந்து மூன்று முடிச்சு சுண்ணாம்பு எப்போதும் பெட்டியில் இருக்கும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொடியாகிப்போனதைக் கொட்டிவிட்டுப் புதுக் கட்டி வைப்பேன். என் காகிதங்களில் ஒரு புள்ளி பூசணம் கிடையாது. அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

முந்திய வருடம் ஆவணி மாதம் என் மனைவியின் தம்பி அக்கரைக்குப் போனான். அக்கரை என்றால் சுமத்ரா. டெலி பக்கத்தில் ஒரு புகையிலைத் தோட்டத்தில் வண்டிகளை மேற்பார்க்கும் வேலை. போகிற அன்று காலையில் தண்ணீர்மலைக்குப் போகும் சாலையோரத்தில், மரத்தடியில் இருக்கும் முனி முன்னால் நின்று ஒரு சுருட்டுக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு வேண்டிக்கொண்டான். நல்லபடியாகத் திரும்பி வந்தால் இதே கட்டை முனிக்குப் படைப்பதாக வேண்டுதல். வாழைநார் கட்டியிருந்த அந்தக் கட்டின் மேல் ஒரு மஞ்சள் நூலைச் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டான். துறையில், கப்பலுக்குக் கொண்டுபோகும் சம்பான் படகில் ஏறுவதற்கு முன் அதை என் கையில் கொடுத்தான்.

“அத்தான், பூசணம் புடிக்காமப் பாத்துக்குங்க. இந்த ஊருல செருப்பே ரெண்டு நாள்ல பூத்துடுது.”

“என் பெட்டியில வெச்சா பூக்காது.”

“அதான் ஒங்க கையில குடுக்குறேன். அக்காகிட்ட குடுத்தா அடுக்களையில தொங்கவிட்ரும்.”

கட்டைப் பிரிக்காமல், தெரிகிற நுனிகளை எண்ணினேன். இருபத்தைந்து. வீட்டுக்கு வந்து அதையும் எழுதி வைத்தேன். கட்டைத் தகரப்பெட்டியில், நாட்குறிப்புகளுக்கும் சுண்ணாம்பு முடிச்சுகளுக்கும் நடுவில் வைத்தேன். பதினான்கு மாதம் அது அங்கே இருந்தது. ஒவ்வொரு மாதமும் பெட்டியைத் திறந்து பூசணம் இல்லை என்று மட்டும் பார்த்துவிட்டு மூடினேன். தொட்டுப் பார்க்கவில்லை. பூசணம் வரக்கூடாது என்று சொன்னான், வரவில்லை. வேறு என்ன பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

புரட்டாசி இருபத்தெட்டு, புதன்கிழமை, மாலை ஐந்தரை மணிக்கு அவன் கடிதம் வந்தது. அதற்கு முன் நான்கு மாதமாகக் கடிதமே இல்லை. நான் படிக்க, மனைவி நின்றபடி கேட்டாள். இரண்டு மாதம் குளிர்காய்ச்சலில் கிடந்தானாம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்த இரண்டு பேர் போய்விட்டார்களாம். தான் பிழைத்தது முனி போட்ட உயிர்ப்பிச்சை என்றும், கார்த்திகை பிறந்து வருகிற முதல் கப்பலில் வருவதாகவும், வந்ததும் முதல் வேலை அந்தக் கட்டுதான் என்றும் எழுதியிருந்தான். கடைசி வரி: கட்டு பத்திரமா?

மனைவி அப்போதே பெட்டியைத் திறக்கச் சொன்னாள். நான் எடுத்துக் கொடுத்தேன். வாங்கியவள் இலேசாக அழுத்தினாள். அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டது. ஓரத்துச் சுருட்டு ஒன்றில் மேல் இலை கீறிக்கொண்டு உதிர்ந்தது. அவள் உள்ளங்கையில் பழுப்புத் தூள்.

“என்னங்க இது, சருகா இருக்கு.”

“பூசணம் இல்ல பாத்தியா” என்றேன். அந்த நேரத்தில் அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

எனக்கு முனியின் வழக்கங்கள் அவ்வளவாகத் தெரியாது. அவள் சொன்னாள். படையலில் மூன்று சுருட்டைப் பற்றவைத்து, கல்லின் முன்னால் சாம்பல் மேட்டில் நட்டு வைப்பார்கள். அது அடிவரைக்கும் எரிந்தால் முனி வாங்கிக்கொண்டார் என்று அர்த்தம். பாதியில் அணைந்தால் வேண்டாமென்று தள்ளிவிட்டார். தள்ளிவிட்டால் கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொள்வார். கொடுத்தது என்ன என்று அவள் சொல்லவில்லை. கடிதம் இன்னும் என் கையில் இருந்தது.

“இது எரியும், நல்லா எரியும். காஞ்சிருக்கில்ல” என்றேன்.

“இது எரியாது. பக்குனு புடிச்சு இலை பிரிஞ்சு கொட்டிப் போயிடும். எங்கப்பா சுருட்டு குடிச்சவருதான், எனக்குத் தெரியும்.”

“சூலியா தெருவுல இதே சுருட்டு புதுக் கட்டு கிடைக்குது. நாளைக்கே வாங்கிட்டு வர்றேன்.”

“புதுக் கட்ட வெச்சா அவன் வேண்டிக்கிட்டான்? இந்த முடிச்சு போட்ட கட்டுதான் வேண்டுதலு. முடிச்சையும் அவன்தான் அவுக்கணும்.” உள்ளங்கைத் தூளைப் பார்த்துக்கொண்டே, “ஒங்களுக்கு அதெல்லாம் ஒண்ணுமில்லதான்” என்றாள்.

ஒன்றுமில்லை என்று நான் நினைத்தேனா? இன்றுவரை எனக்கு அது நிச்சயமாகத் தெரியாது. அன்று நான் எழுதியது: “கட்டின் எடை மூன்றே முக்கால் அவுன்ஸ்.” பழைய சாமான் ஏலத்தில் வாங்கிய ஒரு கடிதத் தராசு என்னிடம் இருந்தது. தபாலில் போகும் எல்லாவற்றையும் எடை போடுகிறவன், அந்தக் கட்டு கைக்கு வந்த நாளில் அதை எடை போடவில்லை. அதனால் எவ்வளவு எடைக்குக் கொண்டு போய் நிறுத்த வேண்டும் என்பது எனக்குத் தெரியாமலே போனது.

மறுநாள் அலுவலகத்தில், பக்கத்து மேசை யாழ்ப்பாணத்துக் கிராணியிடம் கேட்டேன். அவர் நாளைக்கு நாலு சுருட்டு புகைப்பவர்.

“உதுக்கே காணும் இவ்வளவு யோசினை? எங்கட ஊரில கோடா தெளிக்கிறவை. புகையிலைத் தண்டை ஊறப்போட்ட தண்ணி. கொஞ்சம் கையால தெளிச்சு விடும், ஒரு கிழமையில வழிக்கு வரும்.”

சாயங்காலம் சூலியா தெருப் புகையிலைக் கடைக்குப் போய் இதைச் சொன்னேன். கடைக்காரரை எல்லோரும் நானா என்று கூப்பிடுவோம். நாகூர்க்காரர், வயதானவர், பேசும்போது எதிரில் இருப்பவரைப் பார்க்க மாட்டார், இலைகளைத்தான் பார்ப்பார்.

“தண்ணிய தெளிக்கிறதா? மேல் இலை ஒரு பக்கம் ஊதி மறு பக்கம் வெடிச்சிடும். தண்ணி வந்தது சுருட்டுக்கே தெரியக்கூடாது லா, கிராணியாரே. பானையில ஈரமணல் போடுங்க. மேல மூங்கில் குச்சி அடுக்கி, அதுக்கு மேல கட்ட வைங்க. மணல் படக்கூடாது. வாயத் துணியால கட்டி நெழல்ல வைங்க.”

“எத்தனை நாள் வைக்கணும்?”

“பதம் வர்ற வரைக்கும்.”

“அது எத்தனை நாள், நானா?”

“சுருட்டுக்கு என்ன பஞ்சாங்கமா இருக்கு?”

“பதம் வந்துட்டுதுன்னு எப்படித் தெரியும்?”

ஒரு சுருட்டை எடுத்துக் காதோரம் வைத்து இரண்டு விரலால் உருட்டினார். “சத்தமும் போடக்கூடாது, சும்மாவும் இருக்கக்கூடாது” என்றார். என்னிடம் கொடுத்தார். நானும் உருட்டினேன். எனக்குத் தெருச் சத்தம்தான் கேட்டது. அதே வகையில் ஒரு புதுக் கட்டு வாங்கிவந்து எடை போட்டேன், ஐந்தரை அவுன்ஸ். ஆனால் அந்தச் சுருட்டுகள் ஒரு விரற்கடை நீளம் அதிகம். அந்த எடை எனக்கு எதையும் சொல்லவில்லை. புதுக் கட்டை யாழ்ப்பாணத்துக்காரருக்குக் கொடுத்துவிட்டேன்.

ஐப்பசி முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கட்டைப் பானையில் வைத்தேன். பானை இருந்த இடம் அடுக்களையில், கீழ்த்தளம்வரை வானத்துக்குத் திறந்த முற்றத்துக்குப் பக்கத்துச் சுவரோரம். செவ்வாயும் வெள்ளியும் அலுவலகம் விட்டு வந்ததும் எடை போடுவது என்று வைத்துக்கொண்டேன். முடிச்சை அவிழ்க்கக்கூடாது என்பதால் சுருட்டுகளைத் தனித்தனியாகத் திருப்பிப் போட முடியாது. வெளியே இருப்பவை முதலில் நனையும், நடுவில் இருப்பவை கடைசியில். நடுவிலிருப்பது பதத்துக்கு வரும்போது ஓரத்திலிருப்பது அழுகியிருக்குமோ என்ற பயம். நாளுக்கு ஒரு முறை மொத்தக் கட்டையும் உருட்டி வைத்தேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஆறாம் தேதி நாலு அவுன்ஸ். பத்தாம் தேதி நாலே கால். அன்று ஓரத்துச் சுருட்டு இரண்டில் வெள்ளைப் புள்ளிகள் கண்டேன். பதினான்கு மாதம் எதற்காகச் சுண்ணாம்பு வைத்தேனோ அதுவே வந்துவிட்டதென்று உடனே நானா கடைக்கு ஓடினேன். துடைத்துப் பாருங்கள் என்றார். பஞ்சுபோல் ஒட்டினால் பூசணம், தூளாகப் போய்த் திரும்ப வராவிட்டால் இலையின் உப்பு. துடைத்தேன். ஒன்றில் தூளாகப் போனது. மற்றொன்றில் கொஞ்சம் ஒட்டியதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“என்னத்தப் பாக்கச் சொல்றீங்க?”

“இது பூசணமா உப்பான்னு.”

“இவ்வளவு நேரமா ரெண்டு எழவும் இல்லாத ஒண்ண நீங்க பாத்துக்கிட்டு இருக்கீங்க” என்றாள். ஆனாலும் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். வேர்க்கிற கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

பதினேழாம் தேதி, செவ்வாய்: ஐந்துக்குச் சற்றுக் குறைவு. கட்டு கனத்திருந்தது. அழுத்தினால் மெத்தென்று உள்வாங்கியது. மஞ்சள் நூல் இறுகிச் சுருட்டில் பதிந்திருந்தது. “வெற்றி” என்ற ஒரே சொல்லை எழுதி அடிக்கோடு போட்டேன். அவளிடமும் சொன்னேன். “சரி” என்றாள்.

பத்தொன்பதாம் தேதி தீபாவளி. அதற்கு முதல் நாள், புதன்கிழமை, குறிப்பில் ஒரு வரி உண்டு: “வீட்டில் தலைவலி. பகலில் சாப்பிடவில்லை. பலகாரம் மட்டும் சுட்டாள்.” இருபதாம் தேதி எடை நாலரைக்கு இறங்கியிருந்தது. நூல் தளர்ந்து தொங்கியது. காரணம் தெரியவில்லை என்று எழுதிய பிறகு, இரண்டு நாள் அடுப்பு ஓயாமல் எரிந்த சூட்டில் ஈரம் போயிருக்கலாம் என்று ஓரத்தில் சேர்த்தேன். பிறகு, முற்றத்தில் மழை கொட்டும்போது அடுப்புச் சூடு எம்மாத்திரம் என்று அதன் கீழே கேள்வி போட்டேன். இருபத்திரண்டாம் தேதி சுண்ணாம்பு மாற்றும் ஞாயிறு. மூன்று முடிச்சில் ஒன்று மட்டும் முழுக்க நீறி மாவாகியிருந்தது. மற்ற இரண்டும் பாதிதான். கூரை எங்கோ ஒழுகுகிறதென்று நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தேன். ஒழுகலைக் காணவில்லை. அதையும் எழுதினேன்.

மணலில் மறுபடி நீர் விட வேண்டுமா வேண்டாமா என்று எனக்குப் பிடிபடவில்லை. விடலாம் என்று செம்பை எடுத்தால், மனைவி, “இருக்கட்டுங்க, நீங்க நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க” என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே என்று செம்பைக் கீழே வைத்துவிட்டேன். இருபத்துநாலு, இருபத்தேழு இரண்டு நாளும் எடை நாலரையிலேயே நின்றது.

கார்த்திகை நாலாம் தேதி, வெள்ளிக்கிழமை, ஒரு மணி நேரம் தாமதமாகக் கப்பல் வந்தது. சம்பானிலிருந்து இறங்கியவனை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. கண் மஞ்சள் பூத்து, சட்டை ஆணியில் மாட்டியதுபோல் தொங்கியது. அக்காவைப் பார்த்துச் சிரித்தான். அவள் அழவில்லை, அவன் கையைப் பிடித்துச் சூடு இருக்கிறதா என்று பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கட்டைக் கேட்டான். பானையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். சுண்ணாம்பைப் பற்றிச் சொல்லிவிட வேண்டுமென்று நினைத்தேன். அவன் கட்டை மூக்கருகே வைத்துப் பார்த்தான், காதோரம் வைத்து அழுத்தினான்.

“அத்தான், இத யாரு பாத்துக்கிட்டது?”

“நான்தான். ஏன்?”

“அங்க எலைக் கொட்டகையில துரைமாருங்க இந்தப் பதத்துக்குத்தான் ஆளப் போட்டு அடிப்பானுங்க. தோட்டத்துல ஒங்களுக்கு வேல வாங்கித் தரவா?”

மனைவி அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்தாள். நான் மகிழ்ந்தேன். அதை மறைக்கத் தோன்றவில்லை.

ஆறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு மூவரும் இரண்டு ரிக்‌ஷாவில் தண்ணீர்மலைச் சாலைக்குப் போனோம். அந்த முனிக்குப் பூசை வைப்பவர், பக்கத்தில் மாடு வளர்த்துப் பால் ஊற்றும் ஒருவர். கறந்த கையைக் கழுவிக்கொண்டு வந்தார். தம்பி மஞ்சள் நூலின் மூன்று முடிச்சையும் அவிழ்த்தான். சுருட்டுகளை வாழை இலையில் பரப்பினான். நான் வழக்கம்போல எண்ணினேன். இருபத்துநான்கு.

மறுபடி எண்ணினேன். இருபத்துநான்குதான்.

“தம்பி, இதுல இருபத்தஞ்சு இருந்துது.”

“நான் எண்ணல அத்தான். கடைக்காரன் குடுத்தத வாங்கினேன்.”

“நான் எண்ணினேன்.”

“சாமி முன்னால நின்னு என்னங்க கணக்கு” என்றாள் மனைவி. பூசாரி என்னைப் பார்த்தார். நான் இலையை விட்டுத் தள்ளி நின்றுகொண்டேன்.

தம்பியே மூன்று சுருட்டைப் பற்றவைத்து, சாம்பல் மேட்டில் நட்டான். நேரத்தைப் பார்த்துக்கொண்டேன். பத்து மணி நாற்பது நிமிடம். காற்று இல்லை. புகை நேராக மேலே போனது. நான் எல்லாவற்றையும் பார்ப்பேன் என்று நினைத்துக்கொண்டு போனேன். உண்மையில் பார்த்தது மூன்று சிவப்புப் புள்ளிகளை மட்டும்தான். நடுச் சுருட்டின் கங்கு ஒரு கட்டத்தில் சாம்பலுக்குள் மறைந்தது. மனைவியின் கை என் முழங்கையைப் பிடித்தது. பொது இடத்தில் அவள் என்னைத் தொட்டதே இல்லை. சாம்பல் தானாக உதிர்ந்தது; கங்கு உள்ளே இருந்தது. பதினொன்றேகால் மணிக்குள் மூன்றும் அடிவரை எரிந்து சாய்ந்தன.

“வாங்கிக்கிட்டாரு” என்றார் பூசாரி. மிச்ச இருபத்தொன்றை அங்கே நின்றவர்கள் பிரித்துக்கொண்டார்கள். இரண்டு தம்பிக்கு வந்தது. அன்று இரவுக்கு முன் குறிப்பை எழுதி முடித்தேன். பானை, மணல், எடை எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி இரண்டு பக்கம். கடைசியில், “ஒரு சுருட்டு எங்கே?” என்று எழுதி விட்டுவைத்தேன். சாமி காரியம் என் கையால் சரியாக முடிந்தது என்று ஒரு நிறைவும், இருபத்தைந்து எப்படி இருபத்துநான்கு ஆனது என்று ஓர் அரிப்பும் இரண்டும் சேர்ந்தே இருந்தன. ஆவணியில் தவறாக எண்ணிவிட்டேனோ என்று முதல் முறையாக என் குறிப்பை நானே சந்தேகித்தேன்.

தை பிறந்து எட்டாம் நாள் தம்பிக்குக் காய்ச்சல் திரும்பியது. எங்கள் கூடத்தில்தான் படுத்திருந்தான். மத்தியானம் இரண்டு மணிக்குக் குளிர் தொடங்கும், மூன்று போர்வைக்குள் கட்டில் ஆடும், நாலரைக்கு வியர்க்கும். கொயினா மாத்திரை கொடுத்து, நேரம் எழுதிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் நான் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லி வீட்டில் இருந்தேன். அவனுக்குக் குளிர் தொடங்கிய நேரம். மனைவி அவன் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று எழுந்து போய் என் தகரப்பெட்டியைத் திறந்தாள். அடியில், அட்சய வருடத்துக்கு முந்திய நாட்குறிப்புகளுக்குக் கீழே கையை விட்டு ஒரு சிறிய துணிப் பொட்டலத்தை எடுத்து வந்தாள்.

“ஒண்ணு பாக்கி நிக்குது” என்றாள்.

பிரித்தாள். பாதி எரிந்து கறுத்த சுருட்டு ஒன்று.

நான் அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துப் பேசவில்லை. தம்பியின் காலைப் பார்த்துப் பேசினாள். தீபாவளிக்கு முதல் நாள், நான் வெற்றி என்று எழுதிய மறுநாள், மத்தியானம், அவளுக்குப் பொறுக்கவில்லை. எரியுமா எரியாதா என்று தெரியாமல் கார்த்திகைவரை இருக்க முடியவில்லை. கட்டின் நடுவிலிருந்து ஒன்றை மெல்ல உருவியிருக்கிறாள்.

“முடிச்ச அவுக்கல” என்றாள் எங்கள் இருவருக்குமாக. “முடிச்சு முடிச்சாத்தான் இருந்துது.”

பற்றவைத்ததும் புகைந்திருக்கிறது. பாதியில் அணைந்துவிட்டது. மறுபடி பற்றவைத்தால் மறுபடி அணைந்தது. நடுச் சுருட்டே அப்படி நனைந்திருந்தால் ஓரத்துச் சுருட்டு எப்படியிருக்கும்? அன்று அவள் சாப்பிடவில்லை. என் பெட்டியிலிருந்து ஒரு சுண்ணாம்பு முடிச்சை எடுத்துப் பானைக்குள் வைத்து, நான் கட்டை உருட்ட வரும்போது மட்டும் அதை ஒளித்து, இரண்டு நாள் கழித்து நான் எடை போடும் வெள்ளிக்கிழமை காலையில் பெட்டியிலேயே திரும்ப வைத்தாள். ஈரமணலில் பாதியை முற்றத்தில் கொட்டிவிட்டு அந்த அளவுக்குக் காய்ந்த மணலைப் போட்டாள்.

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“நீங்க கோடு போட்டு எழுதியிருந்தீங்க.”

போர்வைக்குள்ளிருந்து பல் கிட்டிக்கொண்டே ஒரு குரல் வந்தது. “அக்கா, நீ சுருட்டுக் குடிச்சியா?”

“குடிக்கலடா. பத்த வெச்சுப் பாத்தேன்.”

“இழுக்காமப் பத்தாதே.”

அவள் போர்வையை இழுத்து அவன் காலை மூடினாள். கட்டில் ஆடியது, குளிரில் ஆடியதா சிரிப்பில் ஆடியதா என்று எனக்குத் தெரியவில்லை. அவளும் சிரித்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. உடனே நிறுத்திக்கொண்டாள்.

“முனிக்குன்னு சொன்னத குப்பையில போட முடியல. அணைஞ்சத அவருகிட்ட கொண்டு போகவும் பயம். அதான் பெட்டியில வெச்சேன். இப்பத் திருப்பிக் கேக்குறாரு.”

நான் எழுந்து போய் நாட்குறிப்பை எடுத்துவந்து ஐப்பசியைப் புரட்டினேன். எல்லாம் இருந்தது. தலைவலி இருந்தது, தளர்ந்த நூல் இருந்தது, நீறிப்போன ஒற்றை முடிச்சு இருந்தது. எல்லாவற்றுக்கும் தேதியும் நாளும் இருந்தன. அவற்றை எழுதிய எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. இதில் பதத்துக்குக் கொண்டுவந்தது யார், என் மணலா அவளுடைய சுண்ணாம்பா, அல்லது இரண்டும் ஒன்றையொன்று கெடுத்துத் தற்செயலாக நடுவில் வந்து நின்றதா? புதுக் கட்டே கூடாது, முடிச்சைத் தொடக்கூடாது என்று சொன்னவள் எப்படி நடுச் சுருட்டை உருவினாள் என்பதும் எனக்குப் புரியவில்லை. கேட்டால், “அவன் கட்டுன்னுதான் வேண்டிக்கிட்டான், இருபத்தஞ்சுன்னா சொன்னான்?” என்றாள். அப்படியானால் பாக்கி எங்கிருந்து வந்தது? அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. தம்பி அப்போது கண் மூடிக் கிடந்தான்.

பாதிச் சுருட்டைக் கையில் எடுத்தேன். மூன்று மாதம் சுண்ணாம்புக்கு நடுவில் கிடந்து அது மறுபடி சருகாகியிருந்தது.

“இது இப்படியே எரியாது” என்றேன்.

“தெரியும். பானைய எடுங்க.”

பானையை எடுத்தேன். மணலை அவள் நனைத்தாள். எவ்வளவு நீர் என்று கேட்டேன். கையை விட்டுப் பார்த்துவிட்டு, இவ்வளவு என்றாள். மூங்கில் குச்சிமேல் அந்தப் பாதிச் சுருட்டை வைப்பதற்கு முன் பழக்கத்தில் தராசில் வைத்தேன். முள் அசையவே இல்லை. அவள் அதை என்னிடமிருந்து வாங்கிப் பானையில் வைத்து, தினமும் காலையும் மாலையும் காதோரம் வைத்து உருட்டிப் பார்த்தாள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. தம்பிக்குக் காய்ச்சல் ஆறாம் நாள் விட்டது. அது கொயினாவின் ஆறாம் நாள், பானையின் நான்காம் நாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருக்கிறேன், ஒன்றும் சேர்க்காமல்.

தை இருபத்திரண்டாம் தேதி அவனை ரிக்‌ஷாவில் உட்காரவைத்துக் கூட்டிப்போனோம். பாதிச் சுருட்டை அவள் பற்றவைத்து அவன் கையில் கொடுக்க, அவன் நட்டான். அவள் இழுத்தாள், நானும் பூசாரியும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம். எவ்வளவு நேரம் எரிந்தது என்று என்னிடம் குறிப்பு இல்லை. கடிகாரத்தைப் பார்க்க மறந்துவிட்டேன். அணையவில்லை என்பது மட்டும் தெரியும். இந்தப் பக்கத்தை எழுதும்போது அவன் கீழே தையற்கடையில் யாரிடமோ சத்தமாகப் பேசிக்கொண்டிருப்பது கேட்கிறது.